ஞாயிற்றுக்கிழமை ஆஃப்

பெண்கள் வார்டின் டூட்டி லிஸ்ட்டை மணிமேகலை பஸ்ஸை வைத்துத்தான் போடுவாள். தேவிகாபுரத்திலிருந்து வருகிறவளுக்கு ஈவினிங் போட்டால் எட்டு மணிக்கு வேலை முடிந்து கடைசி டவுன் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அன்று யாராவது ஒரு கிழவிக்கு மூச்சு வாங்கினால் பஸ் போய்விடும். தெள்ளாரிலிருந்து வருகிறவள் இரண்டு பஸ் மாறி வருகிறாள். அவளுக்கு நைட்டைச் சேர்த்துச் சேர்த்துப் போட்டு, அப்புறம் ஆஃபையும் சேர்த்துக் கொடுத்தால் அலைச்சல் பாதியாகும். ஆரணியிலேயே இருப்பவர்களுக்குப் பஸ் கவலை இல்லை என்பதால் அவர்கள் தலையில் ஈவினிங் விழும். இதைச் சொல்லி அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பென்சிலால் போட்டு, ரப்பரால் அழித்து, மறுபடி போட்டு, வெள்ளிக்கிழமை மதியம் அதைப் போனில் படம் எடுத்து வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புவாள். 'ஓகே சிஸ்டர்' என்று வரிசையாக வரும். சிலர் கட்டை விரலை மட்டும் அனுப்புவார்கள்.

அவள் இன்சார்ஜ் ஆகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்கு முன்னால் எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. மருந்து அறையில் நின்றபடியே எல்லாரும் டப்பாவைத் திறந்து ஒருவர் குழம்பை ஒருவர் தொட்டுக்கொண்ட காலம் அது. இப்போது அவள் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவர் ஸ்டூலை அவளுக்கு நகர்த்திக் கொடுத்துவிட்டு, டிரிப்ஸ் முடிந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவார்கள். அவளைச் சேர்க்காத குரூப் ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வார்டில் மூன்று நான்கு போன்கள் ஒரே நேரத்தில் அதிரும், மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். அவள் போன் மேசைமேல் அசையாமல் கிடக்கும்.

ஆனால் அவர்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அவர்கள் வீட்டில்கூடத் தெரியாது. ஆஃப் கேட்க வருகிறவர்கள் காரணம் சொல்ல வேண்டுமே. யாருக்குப் பிள்ளை நிற்கவில்லை, யாருக்கு மாமியாரோடு ஒத்துப்போகவில்லை, யாரைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவில்லை என்பதெல்லாம் அவள் காதுக்கு வந்துவிடும். அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஆகையால் அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாமல் போயிற்று. பெரணமல்லூரில் அண்ணன் வீடு, வீட்டில் அம்மா, முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. இவ்வளவுதான் வார்டு அறிந்தது.

ஆவணி மாதம் அந்த வாரம் ஆஃப் கேட்பது புதன்கிழமையே ஆரம்பித்துவிட்டது.

முதலில் வந்தவள் ஸ்வர்ணலதா. கொசப்பாளையத்துப் பெண், வீட்டில் பட்டுத் தறி.

"சிஸ்டர், ஞாயித்துக்கெழம எனக்கு ஆஃப் வேணும். பெரியம்மா வீட்ல நோம்பு."

"என்ன நோம்பு?"

"அது... அவங்க வழக்கமா கும்புடறது."

அடுத்தது கோபிநாத். வார்டில் ஒரே ஆண் நர்ஸ், தூக்கிப் படுக்க வைக்கும் வேலையெல்லாம் அவன்தான். "சிஸ்டர், கெணத்துல மோட்டாரு பூட்ச்சி. ஞாயித்துக்கெழமதான் ஆளு வரான்."

வியாழக்கிழமை காலை தெள்ளார் நிலா வந்தாள். வந்தவர்களிலேயே சின்னவள் அவள்தான், பொய் சொல்லிப் பழக்கமில்லை. "சிஸ்டர், ஆதார்ல எம் பேரு தப்பா கீது. திருத்தணும். ஞாயித்துக்கெழம ஆஃப் தரீங்களா?"

"ஞாயித்துக்கெழம எந்த ஊர்ல ஆதார் திருத்தறாங்க?"

நிலா ஒரு கணம் திரும்பி வார்டைப் பார்த்தாள். அங்கே உதவிக்கு யாரும் இல்லை. "கேம்ப் போடறாங்களாம் சிஸ்டர்."

"சரி, பாக்கறேன்."

சங்கீதா இதற்கெல்லாம் முன்னால், போன வாரமே கேட்டுவிட்டாள். "ஞாயிறும் திங்களும் வேணும் சிஸ்டர். வீட்ல வேலை." அவ்வளவுதான் சொன்னாள். என்ன வேலை என்று மணிமேகலை கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், ஆனால் அது இன்சார்ஜுக்குச் சொல்லும் பதிலாக இருக்கும்.

மணிமேகலையும் சங்கீதாவும் வேலூரில் ஒரே நர்சிங் பள்ளியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள். இந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரே நாளில்தான் வந்து சேர்ந்தார்கள். தேவிகாபுரம் பஸ் தவறினால் சங்கீதா வந்து படுப்பது மணிமேகலையின் மாடி அறையில்தான். மணிமேகலை இன்சார்ஜ் ஆன முதல் வாரமே 'மணி' என்பது போய் 'சிஸ்டர்' வந்தது. வேடிக்கைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று அவள் நினைத்தாள். வேடிக்கை நிற்கவில்லை. ஒரு நாள் காலை வார்டு ஆயாம்மா முனியம்மாள் தரையைத் துடைத்தபடியே சொன்னாள், "சங்கீதாம்மா ராத்திரி கடைசி கட்டில்லதான் படுத்துகினு இருந்திச்சி. பஸ்ஸு பூட்ச்சாம். கொசு பிச்சி எடுத்திச்சின்னு சொல்லுது." மணிமேகலையின் அறை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. முனியம்மாள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அவள் அந்தக் கட்டிலைப் பார்த்தபடி நின்றாள். விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது, பள்ளியில் சொல்லிக் கொடுத்ததுபோல.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது கீழ்வீட்டுத் தெய்வநாயகி வாசலில் தறிப் பாவுக்கான நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏறுகிறவர்களை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசாமல் அவள் விடமாட்டாள்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழம தேவிகாபுரம் போறியா?"

"தேவிகாபுரத்துல என்னங்க?"

"இன்னா இப்படிக் கேக்கற? உங்க ஆஸ்பத்திரிப் பொண்ணுக்கு நிச்சயம். சங்கீதாவாமே. நம்ம வீரபாகு தறிலதான் பொடவ நெஞ்சி அறுத்தாங்க. மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு. அவரு பொண்ணு ஸ்வர்ணாவே நின்னு எடுத்துக் குடுத்திச்சி. ஒங்க வார்டே கெளம்புதுன்னு சொல்லிகினு இருந்திச்சே."

"ஆமாங்க. மறந்துட்டேன்" என்றாள் மணிமேகலை.

"மறக்கற விசயமாம்மா அது" என்று தெய்வநாயகி சிரித்தாள்.

மாடியில் போய் அவள் விளக்கைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா நோன்பு, கிணற்று மோட்டார், ஆதார் கேம்ப் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. அழுகை வரவில்லை. கணக்குத்தான் வந்தது. வார்டில் எட்டுப் பேர். இரண்டு பேர் நைட். நான்கு பேர் தேவிகாபுரம். மீதி அவளும், போன மாதம் சேர்ந்த ஒரு புதுப் பெண்ணும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை அவர்கள் இருவரும் நின்றால் வார்டு நடந்துவிடும். இந்த லிஸ்ட்டை யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். அவள் செய்ய வேண்டியது பென்சிலால் எழுதுவது மட்டும்தான்.

அவளுக்கு அங்கே போக வேண்டும்போல் இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கும் எந்தக் காதுகுத்துக்கும் அவள் போனதில்லை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் 'நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்' என்று அவளேதான் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். இது அப்படியில்லை. இது சங்கீதாவின் நிச்சயம்.

வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ் முடிந்ததும் நர்சிங் சூப்பரின்டெண்ட் தனக்கோடியம்மாள் அறைக்குப் போனாள்.

"மேடம், எனக்கு ஞாயித்துக்கெழம ஆஃப் வேணும்."

தனக்கோடியம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம்."

"ஊர்ல யாருக்காவது?"

"ஒண்ணும் இல்ல. ஒரு விசேஷம்."

"அதுக்கு ஏம்மா என்கிட்ட வர? லிஸ்ட் போடறது நீ. உனக்கு நீயே போட்டுக்கோ." மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டவர், அவள் கதவருகே போனதும் கூப்பிட்டார். "மணிமேகலை, நீ ஞாயித்துக்கெழம ஆஃப் எடுத்து நான் பாத்ததே இல்லியே."

அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். தன் பெயருக்கு நேரே ஞாயிறு கட்டத்தில் ஆஃப் என்று எழுதினாள். எழுதின பிறகுதான் கஷ்டம் புரிந்தது. மூவரில் ஒருவர் நின்றாக வேண்டும். புடவை எடுத்துக் கொடுத்தவள் ஸ்வர்ணலதா, அவளை நிறுத்த முடியாது. கோபிநாத் சங்கீதாவுக்குத் தூரத்து உறவு. நிலாவுக்குப் போன ஞாயிறும் ஆஃப் கிடைத்திருந்தது. நியாயத்தில் பிசகு இல்லை. யார் கேட்டாலும் சொல்லலாம். ஆனாலும் நிலாவுக்கு நேரே காலை, மாலை இரண்டும் எழுதும்போது பென்சில் அழுத்தி இறங்கியது. இதுவரை அவள் போட்ட எந்த லிஸ்ட்டிலும் யாரிடமிருந்தும் தனக்காக எதையும் எடுத்ததில்லை.

படம் எடுத்து அனுப்பினாள். ஒரு 'ஓகே'கூட வரவில்லை. சற்று நேரத்தில் வார்டின் மூலையில், மருந்து அறையில், நடைபாதையில் என்று போன்கள் அதிர ஆரம்பித்தன. வெகுநேரம் அதிர்ந்தன. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவள் மருந்து அறையில் ஊசி மருந்துகளின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சங்கீதா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"நெலாவுக்கு ஏன் சிஸ்டர் டூட்டி?"

"போன வாரமும் அவளுக்கு ஞாயிறு ஆஃப்."

"நீங்க ஆஃப் போட்டுகினு இருக்கீங்க."

"ஆமா."

"ஊருக்கா?"

"தேவிகாபுரம் வரைக்கும்."

சங்கீதா அலமாரியில் சாய்ந்தாள். "யாரு சொன்னது?" என்றாள்.

"பொடவ நெய்யற தெருவுலதான குடியிருக்கேன். உனக்கு மாம்பழக் கலர் எடுத்ததுகூடத் தெரியும்."

"வேணும்னு மறைக்கல."

"கெணத்து மோட்டாரு, பெரியம்மா நோம்பு, ஆதார் கேம்ப். இதெல்லாம் வேணும்னு இல்லாம எப்படி வந்துது?"

சங்கீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியவில்லை. "ஆதாரு நெலாவோட ஐடியா. ஞாயித்துக்கெழம வேணாம்டி, வேற எதனா சொல்லுன்னு நான் அப்பவே சொன்னேன்."

மணிமேகலையும் சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்பது இரண்டு பேருக்கும் உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு சட்டென்று நின்றுபோயிற்று.

"ஏன் கூப்படல?"

"கோவம்லாம் இல்ல மணி." பழைய பெயர் அவள் வாயில் தானாக வந்தது. "உன்னக் கூப்டா நீ வந்துடுவ. நீ வந்தா இவங்க மூணு பேர்ல ஒருத்தர் நின்னாவணும். உன்னக் கூப்படலன்னா எல்லாரும் வரலாம். வீட்ல உக்காந்து பேசனோம், அப்படித்தான் கணக்கு வந்துது. நீ எப்படியும் இருப்பன்னு நெனச்சிட்டோம்."

கோபம் என்றிருந்தால் மணிமேகலை அதற்கு ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். இது கணக்கு. வெள்ளிக்கிழமைதோறும் அவள் போடும் கணக்கு இதுதான். யாரை எங்கே வைத்தால் எல்லாம் சரியாக உட்காருமோ அங்கே வைப்பது.

"தீபாவளிக்கு உனக்கு நைட் போட்டேன். அதனாலன்னு நெனச்சேன்."

"அதுவும் இருக்குது. இல்லன்னு சொல்லல. பொங்கலுக்கும் ஈவினிங்கு. பஸ்ஸ பாத்துதான் டூட்டி போடுவன்னு ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் போடுவ."

"உனக்கு நல்ல டூட்டியா போட்டா, கூடப் படிச்சவன்னு சலுகை காட்டறேன்னு சொல்லுவாங்க."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"அப்பறம்?"

"சொல்லிடுவாங்கன்னு."

"யாரும் சொல்லாத பேச்சுக்கு நான் கொசுக்கடில படுத்தேன்."

"என் ரூம் ரெண்டு தெருவுல இருக்குது. வர வேண்டியதுதான? கதவத் தொறக்காமயா பூடுவேன்?"

"எப்படி வரது? டூட்டி போடறவங்க வீட்ல போயி படுத்துட்டு வந்தா காலைல இன்னா பேசுவாங்க? சலுகைம்பாங்க."

வெளியே யாரோ ஒரு நோயாளி நர்சம்மா என்று கூப்பிட்டாள். இரண்டு பேருமே கதவைப் பார்த்தார்கள். போக வேண்டியது யார் என்று ஒரு கணம் இருவருக்கும் தெரியவில்லை.

"வா" என்றாள் சங்கீதா. "வெத்தல பாக்கு எடுத்துகினு வரல. வாயாலதான் கூப்படறேன். பதினோரு மணிக்குத் தட்டு மாத்தறாங்க."

"நெலா?"

"அவ காலைலேர்ந்து பேஜார் பண்ணிகினு இருக்கறா. பண்ணட்டும், சாப்பாடு கட்டிக் குடுக்கறேன்." கதவைத் திறந்துகொண்டு, "வரேம்மா, வரேன்" என்று வார்டைப் பார்த்துக் குரல் கொடுத்தபடி போனாள்.

அன்று சாயங்காலம் வரை மணிமேகலை இரண்டு முறை லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தாள். நிலாவிடம் 'நீ போ' என்று சொல்லிவிடுவது சுலபம். இத்தனை நாள் அந்தச் சுலபத்தைத்தான் செய்துகொண்டிருந்தாள். லிஸ்ட்டை மடித்து உள்ளே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவிகாபுரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முகூர்த்த நாள் என்பதால் வழியெல்லாம் பட்டுப் புடவைகள் ஏறின. மணிமேகலை கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை உடுத்தியிருந்தாள். யூனிஃபார்ம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் இருப்பது ஏதோ லீவு போடாமல் வந்துவிட்டதுபோல இருந்தது. பெரிய கோயில் கோபுரம் தெரிந்ததும் இறங்கி, மைக்செட் சத்தம் வந்த தெருவைக் கேட்டுக் கேட்டுப் போனாள்.

பந்தல் வாசலில் சங்கீதாவின் அப்பா துரைக்கண்ணு எதிர்கொண்டு கும்பிட்டார். "வாங்கம்மா, வாங்க. பாப்பா சொல்லிச்சி. நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு நெனச்சிகினு இருந்தோம்." முன்பு இதே வீட்டுக்கு வந்து கூழ் குடித்துவிட்டுப் போனவளை அவர் 'வாம்மா மணி' என்றுதான் கூப்பிடுவார். இப்போது ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தோள்துண்டால் துடைத்து, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வரிசையில், மின்விசிறிக்குக் கீழே போட்டார்.

ஸ்வர்ணலதாவும் கோபிநாத்தும் இன்னும் மற்ற வார்டுகளின் பெண்கள் சிலரும் எதிரே விரித்த பாயில் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தலையில் இன்னொருத்தி பூ வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எல்லாரும் பாதி எழுந்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றாள் அவள்.

"மோட்டாரு சரியாய்டிச்சா கோபி?" என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். கோபிநாத் முகம் வெளிறி, "ஆச்சி சிஸ்டர், நேத்தே ஆச்சி சிஸ்டர்" என்றான். பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவள் நாற்காலிக்குத் திரும்பினாள்.

தட்டு மாற்றினார்கள். மாம்பழ நிறப் புடவையில் சங்கீதா வந்து விழுந்து கும்பிட்டாள். மாப்பிள்ளை குமரேசன் ஒல்லியாக, சிரித்த முகமாக இருந்தான். அவன் அம்மா வரிசையாக எல்லாரையும் விசாரித்துக்கொண்டு வந்து மணிமேகலையின் முன் நின்றாள்.

"இவங்க?"

சங்கீதா திரும்பினாள். "எங்க வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்" என்றாள். அப்புறம் ஒரு சிரிப்போடு, "ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. இவங்க லீவு குடுத்ததாலதான் எனக்கே நிச்சயம் நடக்குது" என்றாள். எல்லாரும் மரியாதையாகச் சிரித்தார்கள். அந்த அம்மாள் கை கூப்பினாள். முதல் பந்தியில் பெரியவர்களோடு அவளை உட்கார வைத்தார்கள். இலையில் எதுவும் குறைந்துவிடாமல் துரைக்கண்ணுவே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். கும்பல் இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தது. அங்கே யாரோ எதையோ சொல்ல, பாய் முழுவதும் குலுங்கிச் சிரித்தது.

கை கழுவப் பின்பக்கம் போனபோது தண்ணீர்த் தொட்டியருகே சங்கீதா தனியாக நின்று, கழுத்து மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொறிந்துகொண்டிருந்தாள்.

"அரிக்குது. ஜல்தியா கழட்ட வுட மாட்டறாங்க."

"தூக்கு, பாக்கறேன்." மணிமேகலை கையைக் கழுவிக்கொண்டு மாலையை விலக்கிப் பார்த்தாள். கழுத்து சிவந்திருந்தது. கையில் இருந்த ஈரத்தைத் தடவிவிட்டாள். "மாப்ள நல்லா இருக்காரு."

"ஓசூர்ல கம்பெனி. தைல கல்யாணம். மார்கழியோட இங்க வேலைய வுட்டு நின்னுடுவேன்."

"அங்க எதனா ஆஸ்பத்திரில?"

"பாக்கணும். கெடைக்கும்." சங்கீதா தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஒண்ணு யோசிச்சேன். அப்பறம் நீ எனக்கு டூட்டி போட மாட்டல்ல?"

"எப்படிப் போடறது?"

"அப்பத் தெனமும் போன் பண்றேன். நீயும் பண்ணு. எல்லாம் பேசலாம்."

"தை வரைக்கும்?"

சங்கீதா மாலையைக் கழுத்தில் சரியாக விட்டுக்கொண்டாள். முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். "தை வரைக்கும் நீங்க சிஸ்டர்தான் சிஸ்டர்" என்றாள். கேலியாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்பது அவள் முகத்தில் தெரியவில்லை. உள்ளிருந்து யாரோ பொண்ண எங்க என்று கூப்பிட, கொலுசு சத்தத்தோடு ஓடினாள்.

மணிமேகலை கையைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். கும்பல் சாப்பிடப் போயிருந்தது, பாய் காலியாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் போய் உட்காரலாமா என்று ஒரு கணம் நின்றாள். அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா, அவள் எழுந்துபோன நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடாமல் கையை வைத்துக் காத்துக்கொண்டிருந்தவர், "வாங்க சிஸ்டர், வாங்க" என்று அழைத்தார். அவள் உட்கார்ந்ததும் தன் நாற்காலியைச் சற்று நெருக்கிப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் தனக்குச் சர்க்கரை எவ்வளவு வருகிறது, சாப்பிட்ட பிறகு எவ்வளவு வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். இனிப்பு சாப்பிட்டுவிட்டேன், இன்றைக்கு ஒரு மாத்திரை சேர்த்துப் போடலாமா என்று கேட்டார். வேண்டாங்க, டாக்டரைக் கேக்காம போடாதீங்க என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.